அக்கரையில் பதினோரு நாள்

நான் தனியாக இலங்கைக்குக் கிளம்பியபோது அப்பா தந்தது ஒரே ஒரு பொருள். பழைய லாரி டயரை அறுத்துச் செய்த ரப்பர் ஆப்பு. உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரிந்திருக்கும். "ராத்திரி கதவுக்கு அடியில சொருகிக்க. தாப்பாள மட்டும் நம்பாத" என்றார். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அவர் என்னோடு பேசவில்லை.

காரணம் இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா கூலிக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. அப்பாவும் உடன் போனவர்களும் அக்கரைச் சிறையில் ஒன்றரை மாதம் இருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அம்மா எடுத்த கடல்பாசியால்தான். பாம்பன் சின்னப்பாலத்தில் எங்களைப் போல எத்தனையோ வீடுகள். அங்கே இலங்கை என்ற சொல்லை யாரும் சுற்றுலாவோடு சேர்த்துச் சொல்வதில்லை. பிடித்துக்கொண்டு போனால் போகிற இடம் அது.

ஆனால் அப்பத்தாவுக்கு அது வேறு ஊர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போய் வந்தவர் அவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்தக் கப்பல் ஓடியது. இந்தப் பக்கம் ரயில், நடுவில் கப்பல், அந்தப் பக்கம் ரயில். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மதுரை எங்களுக்கு அதைப் போல ஐந்து மடங்கு தூரம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த அப்பத்தா கதை சொல்லும்போதெல்லாம் அந்த மண்ணை ஒரு தடவை மிதிக்க வேண்டும் என்று நினைப்பேன். ராமநாதபுரத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் சேர்த்த பணத்தில், 2025 மார்ச்சில், 26 வயதில் கிளம்பினேன்.

கூட வருகிறேன் என்ற இரண்டு தோழிகளும் கடைசியில் பின்வாங்கினார்கள். ஒருத்திக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஒருத்திக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. அவர்களுக்காகக் காத்திருந்தால் இந்தப் பிறவியில் நடக்காது என்று தோன்றியது.

இனி நான் சொல்லப்போவதில் பாதி அம்மாவிடம் கற்றது. கடவுச்சீட்டே இல்லாத அம்மா எனக்கு வெளிநாட்டுப் பயணம் சொல்லிக்கொடுத்தார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். நடந்தது அதுதான்.

பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டி, காலில் ரப்பர் செருப்பும் கண்ணில் கண்ணாடியும் மாட்டி, தென்கடலில் மூச்சுப் பிடித்து மூழ்கிப் பாறையில் இருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். படகில் சேர்ந்துதான் போவார்கள். தண்ணீருக்குள் இறங்கினால் ஆளுக்கொரு திசை, ஒவ்வொருத்தியும் தனிதான். திரும்பும்போது மட்டும் மூத்தவர் ஒருவர் படகில் நின்று தலை எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் படகு நகராது. நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா கேட்டது இதைத்தான்: "நீ தனியாப் போ, வேணாங்கல. உன்னைய எண்ணப் போறது யாரு?"

அந்தக் கேள்விக்கு விடையாக நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். பதினோரு நாளும் என்னைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான் என்பதால் முழுதாகச் சொல்கிறேன். எண்ணுகிற ஆள் என் தங்கச்சி. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவளுக்குச் செய்தி அனுப்புவேன். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கணக்குப் போட வேண்டியதில்லை. காலைச் செய்தியில் அன்று எங்கே போகிறேன், எதில் போகிறேன். இரவுச் செய்தியில் விடுதிப் பெயர்ப் பலகையின் படமும் அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணும். ஒன்பது வரை செய்தி வராவிட்டால் அவள் விடுதிக்கு அழைக்க வேண்டும். பத்துக்கும் பதில் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்துக்கு. கொழும்பில் இந்திய உயர் ஆணையம், யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம், கண்டியில் உதவி உயர் ஆணையம். மூன்றின் எண்களையும் ஒரு அட்டையில் எழுதி வீட்டு மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் அனுப்பக்கூடாது என்பது தங்கச்சி போட்ட நிபந்தனை. வேறு யாராவது என் போனைப் பிடுங்கி அனுப்பலாம் அல்லவா? அன்று சாப்பிட்டதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணத்தை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு தோள்பையில், ஒரு பங்கு பெரிய பையின் அடியில் நாப்கின் பொட்டலத்துக்குள், ஒரு பங்கு அம்மாவின் சுருக்குப்பையில் இடுப்போடு. கடவுச்சீட்டின் நகல் இரண்டு எடுத்து ஒன்றைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். இலங்கை போக இணையவழி அனுமதி வாங்க வேண்டும். அதைக் குடிவரவுத் துறையின் தளத்திலேயே போடுங்கள். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் இடைத்தரகர்கள் முதலில் வருவார்கள், கூடுதல் பணம் பிடுங்குவார்கள். கட்டண விதியும் அவ்வப்போது மாறும். யாரோ போன வருடம் சொன்னதை நம்பிப் போக வேண்டாம்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. நான் போகும்போது கப்பல்தான் வேண்டும் என்று நின்றேன். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி தொடங்கிய கப்பல், நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. அடைமழைக் காலத்தில் ஓடாது. காற்று சரியில்லை என்றால் ரத்தாகும். ஆகவே முதல் இரவு விடுதியை, தேதி மாற்றினால் பணம் போகாதபடி பதிவு செய்துகொள்ளுங்கள். சுமார் நான்கு மணி நேரப் பயணம். கரை மறைந்த பிறகு எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா ஒளிந்து பயந்து போன தண்ணீரில் நான் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மூன்று இரவுகள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறார், அங்கே தங்கினேன். பெண்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தேன். இதில் ஒரு விஷயம்: "அருமை, சுத்தம்" என்பதெல்லாம் நமக்குப் போதாது. தனியாகத் தங்கிய பெண் யாராவது எழுதியிருக்கிறாளா, வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, ராத்திரி வெளிவாசலை யார் பூட்டுகிறார்கள் என்று தேட வேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடலாம். கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் விடுதியில் தங்காமலிருப்பதே நல்லது.

ஊர் எனக்கு அந்நியமாகவே இல்லை. பனை, வேலி, வெயில், கருவாட்டு வாசம். ஒடியல் மாவுக் கூழ் குடித்தபோது நம்மூர்ப் பனங்கிழங்கு நினைவு வந்தது. 1981-இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுப்பப்பட்ட நூலகத்தின் படிகளில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் "அங்கிட்டுப் போகணுமா, இங்கிட்டுப் போகணுமா" என்று வழி கேட்டால் கடைக்கார அம்மா முகம் மலர்ந்து, "அங்கால போங்கோ பிள்ளை" என்பார். மொழி ஒன்றாக இருப்பது பெரிய பலம். ஆனால் அதுவே நம்மைக் கவனக்குறைவாகவும் ஆக்கும். தமிழ் பேசுகிறார் என்பதாலேயே ஒருவரைச் சொந்தக்காரர் போல நம்பிவிடும் நிலைக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டேன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் எங்கே தங்கியிருக்கிறேன், எத்தனை நாள், யாரும் துணைக்கு இல்லை என்பதுவரை சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லத் தேவையே இல்லை. அன்றிலிருந்து விடுதிக்கு இரண்டு வீடு முன்பாகவே இறங்கிக்கொண்டேன்.

ஆசிரியை எனக்குச் செய்த பெரிய உதவி, நான் மன்னார் தாண்டித் தெற்கே போகப்போகிறேன் என்றதும் ஒரு தாளில் சிங்களச் சொற்களை எழுதிக் கொடுத்தது. "தமிழ் விளங்குமெண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ" என்றார். 'எபா' என்றால் வேண்டாம். 'மட்ட உதவ் கரன்ன', எனக்கு உதவுங்கள். 'கொஹெத', எங்கே. 'அக்கா' அவர்களுக்கும் அக்காதான், கூப்பிடும்போது 'அக்கே' என்பார்கள். தங்கைக்கு 'நங்கி'. 'அய்யா' என்றால் அண்ணன். மாடியில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பழகச் சொன்னார். மனசுக்குள் தெரிந்த சொல் அவசரத்தில் வாய்க்கு வராது, வாய்க்குப் பழகிய சொல்தான் வரும் என்றார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பூநகரி வழியாகப் பேருந்தில் மன்னார் வந்தேன். தங்கிய வீடு கடலோரத்தில், மீனவக் குடும்பம். வீட்டம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாகவா வந்தாய் என்று கேட்டார். நான் ஊரிலேயே பதில் தயாராக வைத்திருந்தேன்: "இல்ல, எங்க அண்ணன் நாளைக்கு வந்துருவாரு." எனக்கு அண்ணனே கிடையாது.

மறுநாள் தலைமன்னார் போனேன். அப்பத்தா இறங்கிய இறங்குதுறை இன்று கடலுக்குள் நீட்டி நிற்கும் கட்டைகளும் தூண்களுமாக இருக்கிறது. போர் முடிந்து 2015-இல் மறுபடி திறந்த ரயில் நிலையம் பக்கத்திலேயே. மேற்கே பார்த்தேன். எங்கள் தனுஷ்கோடி கண்ணுக்குத் தெரியவில்லை, தெரியும் என்று ஏதோ ஒரு நம்பிக்கையில் வெகுநேரம் நின்றேன். அப்பத்தாவுக்குக் காட்டப் படமாக எடுத்துத் தள்ளியதில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. திரும்பும்போது மின்சாரமும் இல்லை. சார்ஜர் பேட்டரியை யாழ்ப்பாணத்து மாடியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

இரவு எட்டு மணி தாண்டியது. எனக்கு நேரமே நினைவில் இல்லை. வீட்டம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். சரியாக ஒன்பதுக்கு அவருடைய போன் அடித்தது. தங்கச்சி. "ஓம், ஓம், பிள்ளை இஞ்சதான் இருக்குது, சாப்பிடுது. பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, போனை என் காதில் வைத்தார். தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். அம்மா போனை வாங்கி என்னைத் திட்டிவிட்டு, "அந்தம்மாட்ட குடு" என்றார்.

அந்த இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் ஒரு பக்கம்தான் கேட்டேன். அப்பா சிறையில் இருந்ததை அம்மா சொல்லியிருக்க வேண்டும். வீட்டம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட இழுவைப் படகு வந்திட்டுப் போனால் எங்கட வலையில ஒண்டும் மிஞ்சாது அக்கா. எங்கட மனுசன் ஒரு வருசம் கடன்ல கிடந்தவர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அம்மா என்ன பதில் சொன்னார் என்று ஊருக்கு வந்துதான் கேட்டேன். "என்னத்தச் சொல்ல? பாறையத் தேய்ச்சுட்டுப் போற மடிய நாங்களும் பாத்தவங்கதான், பாசி இல்லாமப் போகுதுன்னு சொன்னேன்" என்றார். கடலடியை வாரிக்கொண்டு போகும் வலையான இழுவைமடியை இலங்கை 2017-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது என்பது எனக்குச் செய்தியாகத் தெரியும். அறுந்த வலையைத் தைத்த கை எனக்குச் சோறு போட்ட அன்றுதான் அதன் பாரம் தெரிந்தது. அப்பா சிறையில் இருந்ததும் அநியாயம்தான், இதுவும் அநியாயம்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க அந்த வீட்டில் பழகினேன்.

போனை வைத்தபின் வீட்டம்மா என்னைப் பார்த்து, "தனிய வந்தனான் எண்டு சொல்லப் பயந்திட்டியோ பிள்ளை?" என்றார். அண்ணன் கதை தங்கச்சியின் அழைப்பில் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. இதைப் பற்றி அப்புறம் நிறைய யோசித்தேன். வழியில் கேட்கிறவருக்குப் பொய் சொல்லலாம், அதில் தப்பே இல்லை. நம் பயணத் திட்டத்தை அறிந்துகொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் யார் வீட்டில் தூங்குகிறோமோ, எனக்கு ஏதாவது ஆனால் யார் முதலில் ஓடிவர வேண்டுமோ, அவரிடம் உண்மை சொல்லியிருக்க வேண்டும். நான் வரவில்லை என்றால் தேட வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவராவது வேண்டும். இப்போது யாராவது கேட்டால் பொய்யும் இல்லாமல் முழு உண்மையும் இல்லாமல் ஒன்று சொல்கிறேன்: "எனக்காக ஒருத்தங்க காத்திருக்காங்க." அது எப்போதுமே உண்மைதான்.

மன்னாரிலிருந்து அனுராதபுரம். அங்கே பௌத்தர்கள் வணங்கும் புனித அரசமரத்தருகே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே அது பெரிய அவமரியாதை. பேருந்தில் முன் இருக்கை துறவிகளுக்கானது. தெரியாமல் உட்கார்ந்து எழுந்தேன். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்.

பெரிய விஷயம் அதற்கடுத்த நாள். அனுராதபுரத்திலிருந்து மலைநாட்டுப் பக்கம் போகும் பேருந்து. ஜன்னலோரத்தில் நான், பக்கத்தில் ஒரு நடுவயது ஆள். தூங்குவது போல இருந்தார். சற்று நேரத்தில் கை என் தொடைமேல் விழுந்தது. தள்ளினேன். மறுபடி வந்தது. தூக்கத்தில் வரும் கைக்கும் வேண்டுமென்று வரும் கைக்கும் வித்தியாசம் பேருந்தில் போகிற எல்லாப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உடம்பு கட்டிப்போனது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்து டவுன் பஸ்ஸில் என்றால் நான் செருப்பைக் கழற்றியிருப்பேன். வெளியூரில், மொழி தெரியாத இடத்தில், கத்தினால் யார் பக்கம் பேசுவார்கள் என்ற பயம் நாக்கை இழுத்துப் பிடித்துவிட்டது. இப்படி உறைந்துபோன பெண் யாராவது இதைப் படித்தால், அந்த நிமிடங்களுக்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். குற்றம் அந்தக் கையுடையது.

பிறகு எப்படியோ அந்த மாடியில் பழகிய சொல் வந்தது. எழுந்து நின்று, "எபா!" என்று கத்தினேன். அந்தப் பக்க இருக்கையில் குழந்தையோடு இருந்த பெண்ணைப் பார்த்து, "அக்கே, மட்ட உதவ் கரன்ன" என்றேன். வேறு எதுவும் விளக்கவில்லை, விளக்க மொழியும் இல்லை. தேவைப்படவும் இல்லை. அந்தப் பெண் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். குழந்தையை மடியில் தூக்கி வைத்து என்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். பின்னால் இருந்த பாட்டி ஒருவர் அந்த ஆளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். நடத்துநர் வந்து அவரை வாசல் பக்கம் நகரச் செய்தார், அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். அந்த அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு நடுங்கினேன். அவர் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

ஒற்றைச் சொல், உரத்த குரல், குறிப்பிட்ட ஒரு பெண்ணை நோக்கி. பொதுவாகக் கத்தினால் எல்லோரும் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றிருந்துவிடுவார்கள். ஒருத்தரைப் பார்த்துக் கேட்டால் அவரால் முகத்தைத் திருப்ப முடியாது.

அன்றைய நாள் அத்தோடு முடியவில்லை. வழியில் பேருந்து பழுதாகி நின்றதில் ஊர் சேரும்போது இருட்டிவிட்டது. நான் பதிவு செய்திருந்த விடுதியில் அப்படி ஒரு பதிவே வரவில்லை, அறையும் இல்லை என்றார்கள். களைப்பும் அழுகையுமாக, ஆட்டோக்காரர் காட்டிய முதல் இடத்தில் போய் இறங்கினேன். இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும், பார்க்காத அறைக்குப் பணம் கட்டக்கூடாது என்று நானே போட்டிருந்த இரண்டு விதிகளும் அந்த ஒரு மணி நேரத்தில் போயின. ஆனாலும் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். உள்ளே வந்ததும் ஆப்பை எடுத்துக் கதவின் அடியில் வைத்துக் காலால் மிதித்து இறுக்கினேன்.

பத்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தண்ணீர் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல். வேண்டாம் என்றேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி. பிறகு பூட்டில் சாவி திரும்பும் சத்தம். தாழ்ப்பாள் ஒற்றைத் திருகாணியில் ஆடியது. கதவு ஒரு விரற்கடை நகர்ந்து, ரப்பரில் முட்டி நின்றது.

நான் தங்கச்சியை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். என்ன நடக்கிறது என்று இரண்டு வரிதான் சொல்லியிருப்பேன், அப்பா போனைப் பிடுங்கிவிட்டார். "யார்ரா அவன்? பேர் என்னடா? கடை பேரு எங்கிட்ட இருக்குடா, போலீசு வந்துக்கிட்டு இருக்குடா!" கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரல் அது. சின்னப்பாலத்தில் போட்ட சத்தம் அந்த மலையூர் அறைச் சுவரில் மோதியது. மொழி புரிந்ததோ இல்லையோ, என்னைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர் விழித்திருக்கிறார் என்பது வெளியே நின்றவனுக்குப் புரிந்துவிட்டது. கால்சத்தம் படியிறங்கியது. அப்பா விடியும்வரை போனை வைக்கவில்லை. அன்று அவர் கடலுக்குப் போகவும் இல்லை. இடையிடையே, "ஆப்பு இருக்காத்தா?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் தெருவில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு கிளம்பி, காலையிலேயே ஒரு நல்ல இடம் பார்த்து மாறினேன். புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும், அது இன்றும் உறுத்துகிறது. அதே அறையில் அடுத்து ஒரு பெண் தங்கியிருப்பாள். எண்கள் என் நோட்டில் இருந்தன: காவல்துறை 119, பெண்களுக்கான உதவி 1938, சுற்றுலாப் பயணிகளுக்கு 1912, இலவச ஆம்புலன்ஸ் 1990. அந்த ராத்திரி ஒன்றைக்கூட அழுத்தத் தோன்றவில்லை, வீட்டு எண்ணைத்தான் விரல் தேடியது. நோட்டில் எழுதினால் போதாது. போனில் முதல் வரிசையில் சேமித்து வையுங்கள். தங்கச்சியிடமும் கொடுத்திருந்தால் ஒருவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அங்கே அழைத்திருக்கலாம்.

மீதி நாட்களில் தேயிலை மலைகளையும் கொழும்புக் கடற்கரையையும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. பதினோராம் நாள் கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம், ஒரு மணி நேரம்தான். ஊர் திரும்பியபோது புதிய பாம்பன் பாலம் கட்டி முடிந்து, திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள்.

அப்பத்தா தலைமன்னார்ப் படங்களைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தூண்களைத் தொட்டு, "இதுலதான் எங்கய்யா என்னையத் தூக்கி எறக்குனாரு" என்றார். அப்பா படங்களைப் பார்க்கவில்லை. மன்னார் வீட்டம்மாவின் எண்ணை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது சித்தி மகள் மலேசியா போயிருக்கிறாள். இரண்டு வாரம், தனியாக. சித்தி முடியாது என்றுதான் நின்றார், அம்மாதான் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். அப்பா இன்னொரு ஆப்பு அறுத்துக் கொடுத்தார். போவதற்கு முன் பத்து நாள் அவளை எங்கள் முற்றத்தில் நிறுத்தி, 'தோலோங்' என்று மலாய் மொழியில் உதவி கேட்கக் கத்திப் பழக வைத்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. இந்த முறை எண்ணுகிற ஆள் நான். கோலாலம்பூரில் இரவு எட்டு என்றால் நமக்கு மாலை ஐந்தரை. மாடத்தில் புது அட்டை இருக்கிறது. அம்மா கடலிலிருந்து வந்து, விரலில் கட்டிய துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் கேட்கிறார்: "பிள்ள என்ன சாப்பிட்டாளாம்?"